எல்லாப் படகுகளின் கவனத்துக்கும்

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: கிரேக்க நாட்டு லாரிஸா நகரத்தின் மூத்த நோட்டரியும், அவ்வட்டாரத்து வயல்வரப்புகளையெல்லாம் தம் முத்திரையால் தாங்கி நிற்பவருமான திருவாளர் அகதோக்லிஸ் அவர்கள், தம் முப்பதாவது திருமண நாளை முன்னிட்டு, துணைவியார் எர்மியோனி சமேதராய், அமோர்கோஸ் தீவின் தென்கரையோரம் தனிப்படகில் உலா எழுந்தருளினார்.

செப்டம்பர் மாதம். வடக்குக் காற்று லேசாக வீசியது. நோட்டரியின் அந்தஸ்து தெரிந்தது போலக் கடலும் அடங்கிக் கிடந்தது.

வாகனம், ‘மரூசோ’ என்கிற மரப்படகு. அதை ஓட்டியவர் கேப்டன் நோமிகோஸ். அந்தத் தீவில் ஒரு படகின் கயிற்றை அவிழ்க்கத் தெரிந்தவனெல்லாம் கேப்டன்தான். ஆனாலும் ஒரு கடற்படையே மண்டியிட்டுக் கொடுத்த பட்டம் போல நோமிகோஸ் அதை நெஞ்சு நிமிர்த்திச் சுமந்தார். அப்பா கட்டிய படகு. வேறு தொழில் தெரியாது, வேறு படகு வாங்க வழியும் கிடையாது. ‘மரூசோ’ போனால் மறுநாள் காலையிலிருந்து அவர் ஒன்றுமே இல்லை.

இந்தப் படகைத் தவிர அவரிடம் இருந்த இன்னொரு சொத்து, ஒரு சபதம்.

பாறைகள் இரு கைகளாய் வளைந்து அணைத்திருந்த ஸ்கூரோ குடாவுக்குள் படகு நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே ஒரு நீலப் படகு நங்கூரமிட்டிருந்தது. அதன் தளத்தில் நாலு டச்சுக்காரர்கள் வெயிலில் சிவந்துகொண்டிருந்தார்கள். நோமிகோஸ் கடலில் காறித் துப்பினார்.

“தெரிஞ்சவரா, கேப்டன்?” என்றார் நோட்டரி.

“யாரு?”

“அந்தப் படகுக்காரர்.”

“எந்தப் படகு?”

குடாவில் இருந்ததே அந்த ஒரு படகுதான். நோட்டரி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். எர்மியோனிக்குக் கண்ணாடி தேவைப்படவில்லை.

“மூக்கு, மீசை, தொப்பை எல்லாம் உங்களை உரிச்சு வெச்ச மாதிரியே இருக்காரே! தம்பியா?”

நோமிகோஸ் தக்காளி நறுக்க ஆரம்பித்தார். தக்காளி பாவம். கடைசியில், “எங்க சித்தப்பாவுக்கு ஒரு மகன் இருந்தான்,” என்றார், காலமானவரைப் பற்றிச் சொல்லும் குரலில்.

காலமாகாத அந்த மகன் பெயர் பந்தெலிஸ். பெரிய வெள்ளியன்று ஊர்வலமாகத் தூக்கிவரும் கிறிஸ்துவின் பூப்பல்லக்குக்கு நாலு மூலை. முன் வலது மூலை நோமிகோஸின் அப்பாவுக்கு உரியது. அவர் படுக்கையில் விழுந்த வருஷம், நோமிகோஸ் மருந்து வாங்கப் பெரிய தீவுக்குப் போன நேரத்தில், பந்தெலிஸ் அந்த மூலைக்குத் தோள் கொடுத்தார். “இந்த ஒரு வருஷத்துக்குத்தான்,” என்று சொல்லிக் கொடுத்தார். அடுத்த வருஷமும் அங்கேயே நின்றார். அத்தோடு இருவருக்கும் பேச்சு அறுந்தது. பெண்டாட்டிகள் பேசிக்கொள்வார்கள், பிள்ளைகள் சேர்ந்து மீன் பிடிப்பார்கள். இவர்கள் இருவரும் மட்டும் காப்பிக்கடையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து கடைக்காரர் மூலம் வாதாடுவார்கள். யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் தோற்றவர். ஊருக்கே தெரிந்த சட்டம் இது.

ஆனால் கடலில் காற்றையும் மழையையும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் விட்டால் பாவம். அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். வயர்லெஸ்ஸில் “எல்லாப் படகுகளின் கவனத்துக்கும்” என்று ஆரம்பித்துப் பொதுவில் அறிவித்துவிடுவது. அது ஒருவர் காதில் விழுந்தால் அந்தக் காதின் குற்றம்.

நோமிகோஸ் குடாவின் நடுவில் நங்கூரத்தை இறக்கினார். நீலப் படகு அங்கே இல்லை என்பது போல, அதற்கு வெகு பக்கத்திலேயே இறக்கினார். இல்லாத படகுக்கு எதற்காக ஒதுங்க வேண்டும்?

பார்லி ரொட்டி, ஆட்டுப் பாலாடைக்கட்டி, தேன் போட்டுக் காய்ச்சிய ரக்கிச் சாராயம். நோட்டரி கையில் கோப்பையோடு எழுந்து நின்று, திருமணம் என்பது இரு தரப்பினரும் சுய நினைவோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்று தொடங்கி நீளமாகப் பேசினார். எர்மியோனி பாதியில் தண்ணீரில் குதித்துவிட்டார்.

அவர் ஏறி வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தபோது வயர்லெஸ் கரகரத்தது.

“ஸ்கூரோவுல இருக்கிற எல்லாப் படகுகளின் கவனத்துக்கும். தெற்கால கருக்குது. காத்து திரும்பப் போவுது. புத்தி இருக்கிறவங்க கிளம்பலாம்.”

நோமிகோஸ் தெற்கே பார்த்தார். உண்மைதான். ஆனால் இந்த வாய் சொல்லிக் கிளம்புவதா? கருவியை எடுத்தார். “எல்லாப் படகுகளின் கவனத்துக்கும். எங்களுக்கும் கண்ணு இருக்கு. சாப்பாடு முடிச்சிட்டுப் போவோம்.”

“எல்லாப் படகுகளின் கவனத்துக்கும். அப்ப நானும் ஒண்ணும் அவசரப்படல.”

தெற்குக் காற்றைத் தென்றல் என்று பாடுகிற ஊர்கள் உலகத்தில் இருக்கலாம். அமோர்கோஸின் தென்கரையில் அதைக் கேட்டால் சிலுவை போட்டுக்கொள்வார்கள். வடக்குக் காற்றிலிருந்து காப்பாற்றும் குடாக்களெல்லாம் தெற்குக் காற்றுக்கு வாயைப் பிளந்து நிற்பவை. தர்பூசணி முடிவதற்குள் அது வந்துவிட்டது. இரண்டு படகுகளும் நங்கூரத்தைச் சுற்றிப் பம்பரம் போலத் திரும்பின. இதுவரை பின்னால் திறந்த கடல் இருந்தது. இப்போது பின்னால் பாறை.

நோமிகோஸ் எஞ்சினைக் கிளப்பி, முன்தளத்துக்கு ஓடி, நங்கூரச் சங்கிலியைச் சுருட்டும் வின்ச்சைத் தட்டினார். சங்கிலி ஏறியது. பிறகு வின்ச் முனகியது. பிறகு நின்றது.

குப்புறப் படுத்துப் பார்த்தார். தண்ணீருக்குள் அவருடைய நங்கூரம் தெரிந்தது. அதன் கொக்கியில் இன்னொரு சங்கிலி மாட்டி, நரம்பு போல விறைத்து நின்றது. பத்து மீட்டருக்கு ஒரு நீலப் பூச்சு. பந்தெலிஸின் சங்கிலி.

படகுகள் திரும்பியதில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து பின்னிக்கொண்டுவிட்டன. இப்போது ‘மரூசோ’வின் நங்கூரம் தரையிலேயே இல்லை. இரண்டு படகுகளின் பாரத்தையும் பந்தெலிஸின் நங்கூரம் ஒன்றே தாங்கியது. தாங்காமல் மணலை உழுதுகொண்டு நகரவும் ஆரம்பித்திருந்தது. வழி ஒன்றுதான். பந்தெலிஸ் தன் சங்கிலியைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். தளர்த்தினால் கொக்கியைக் கழற்றிவிடலாம். ஆனால் அவர் படகு பாறைக்கு இன்னும் பக்கத்தில் போகும். சும்மா செய்யக்கூடிய உபகாரம் இல்லை. கேட்டால்தான் செய்வார்.

கேட்பதா?

“அம்மா, இந்தச் சக்கரத்தப் புடிங்க. நேரா வெச்சுக்கோங்க.”

“நேருன்னா எந்தப் பக்கம்?” என்றார் எர்மியோனி.

“பாறை இல்லாத பக்கம்!”

நோமிகோஸ் வயர்லெஸ்ஸை எடுத்தார். “எல்லாப் படகுகளின் கவனத்துக்கும். நீலப் பூச்சு அடிச்ச சங்கிலி யாருதோ, அவங்க கொஞ்சம் தளர்த்தணும்.”

நீலப் படகின் முன்தளத்தில் பந்தெலிஸ் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது இங்கிருந்தே தெரிந்தது. அவர் மெதுவாகக் குனிந்து கருவியை எடுத்தார்.

“எல்லாப் படகுகளின் கவனத்துக்கும். இந்தச் சங்கிலி பேர் சொல்லிக் கூப்பிட்டாத்தான் அசையும்.”

ஓர் அலை ‘மரூசோ’வைத் தூக்கிப் போட்டது. தக்காளித் தட்டு கடலுக்குப் போனது. பாறைக்கும் படகின் பின்புறத்துக்கும் நடுவில் இப்போது ஒரு மீன்வண்டி நிற்கும் இடம்தான் இருந்தது.

“கேப்டன், பதறாதீங்க,” என்றார் நோட்டரி. வெள்ளை லினன் சட்டைக்கு மேல் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை போட்டு, அதன் வார் ஒன்றைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார். “இதைவிடப் பெரிய பாகப்பிரிவினையெல்லாம் முடிச்சு வெச்ச ஆளு நான்.” கம்பியைப் பிடித்தபடி முன்னால் போய் நின்று குரலை உயர்த்தினார். “எதிர்த்தரப்புப் படகின் உரிமையாளர் அவர்களே! எமது தரப்பினர், தமக்குள்ள எவ்வித உரிமையையும் விட்டுக்கொடுக்காமல்...”

மீதி வாசகத்தைக் கடல் அவர் வாய்க்குள்ளேயே திருப்பி அனுப்பியது. இருமிக்கொண்டு உட்கார்ந்தார்.

“ஐயா!” என்று அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “நீங்க உக்காருங்க, நல்ல சட்டை நனையுது. வாய் இருக்கிறவன் பேசட்டும்!”

“அவரு பேரு என்ன?” என்று எர்மியோனி கத்தினார்.

நோமிகோஸ் குனிந்து சங்கிலியை உலுக்கினார்.

“யோவ் கேப்டன், உங்களத்தான்! பேரு என்ன?”

“...பந்தெலிஸ்,” என்றார் நோமிகோஸ், தண்ணீரைப் பார்த்து.

“பந்தெலிஸ் அண்ணா! சங்கிலிய விடுங்கண்ணா! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!”

“நீங்க நல்லவங்க அம்மா! ஆனா நீங்க எங்க பெரியப்பா பிள்ளை இல்லையே!”

நோமிகோஸுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இவன் முன்னால் வாயைத் திறந்தால் நாளைக்குக் காப்பிக்கடையில் என்ன பேசுவார்கள் என்று அவருக்கு ஒவ்வொரு வார்த்தையும் தெரியும். யார் எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்பதுகூடத் தெரியும். சங்கிலியை அறுத்துவிடலாமா? இரும்பு அறுக்கிற ரம்பம் வீட்டில், கோழிக்கூட்டுக்கு மேலே கிடக்கிறது. நங்கூரத்தை அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா? சங்கிலியின் மறுமுனையைப் படகோடு பூட்டிய கொளுவி அப்பா காலத்திலேயே துருப்பிடித்து மரத்தோடு மரமாகிவிட்டது. முழுவேகத்தில் எஞ்சினை முடுக்கிப் பார்த்தார். ‘மரூசோ’ கட்டிப்போட்ட கழுதை போலத் திமிறி, பக்கவாட்டில் சாய்ந்து, இன்னும் கொஞ்சம் பின்னால் போனது.

அப்போது கீழே ஒரு சத்தம். சுக்கான் கல்லைத் தொட்ட சத்தம். ஒரே ஒரு தரம், கதவைத் தட்டுவது போல.

நோட்டரி கண்களை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது ஜெபமா, உயிலா என்று தெரியவில்லை. எர்மியோனி சக்கரத்தை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண் நோமிகோஸ் மேலேயே இருந்தது. “என் கல்யாண நாள் இன்னிக்கு,” என்றார். கத்தக்கூட இல்லை.

அடுத்த அலை உள்ளே வருவது தெரிந்தது. முன்னதைவிடப் பெரியது.

நோமிகோஸ் வாயைத் திறந்தார். ‘விடு’ என்று ஒரு சொல் மட்டும் சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் திறந்தார். வந்ததோ வேறு.

“டேய் பந்தெலி! தளர்த்துடா! செத்துருவோம்டா, பந்தெலி!”

அலை இரண்டு படகுகளையும் சேர்த்துத் தூக்கியது. நீலப் படகில் பந்தெலிஸ் வின்ச்சின் மேல் பாய்ந்து விழுந்தார். கடகடகடவென்று சங்கிலி ஓடியது. ‘மரூசோ’வின் கொக்கியில் விறைத்து நின்றது சட்டென்று துவண்டது. நோமிகோஸ் கொக்கிக் கழியைத் தண்ணீருக்குள் விட்டு, கயிற்றைக் கோத்து, சங்கிலியை ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்து, நங்கூரத்தை ஒரு உலுக்கு உலுக்கினார். கழன்றது. “திருப்புங்கம்மா! கடல் பக்கம்!” எர்மியோனி திருப்பினார். நீலப் படகின் பின்புறம் பாறையைத் தொடும்போல இருந்தது. பந்தெலிஸின் எஞ்சின் கர்ஜித்தது. சங்கிலியைச் சுருட்டிக்கொண்டே அதுவும் வெளியே வந்தது. டச்சுக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். இதெல்லாம் கட்டணத்தில் சேர்த்தி என்று நினைத்திருக்க வேண்டும்.

துறைமுகத்தில் இரண்டு படகுகளும் பக்கத்தில் பக்கத்தில் கட்டப்பட்டன. வேறு இடமும் இருந்தது. நோமிகோஸ் கரையில் குதித்து, எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“கூப்பிட்டுட்டியேடா, கடைசியில,” என்றார் பந்தெலிஸ்.

“சுக்கான் இடிச்சுது. இல்லேன்னா கூப்பிட்டிருக்கமாட்டேன்.”

“தெரியும், கழுத.”

“நீயும் விட்டுட்டியே. பாறை உன் முதுகுல இருந்துச்சு.”

பந்தெலிஸ் ஒரு கணம் யோசித்தார். மீசையைத் தடவினார். “நீ பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் விடாம இருப்பேனா?” என்றார்.

நோமிகோஸின் கண் கலங்கிவிட்டது. பிறகு கட்டிப்பிடித்தல், முதுகில் அறைதல், ஒருவர் அம்மாவை மற்றவர் பாசத்தோடு திட்டுதல். செய்தி அவர்களுக்கு முன்னாலேயே சாப்பாட்டுக்கடைக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மேசைகள் சேர்க்கப்பட்டன. பாதிரியார் வந்தார். இரண்டு பெண்டாட்டிகளும் எந்த ஆச்சரியமும் இல்லாமல் வந்து உட்கார்ந்து மீனை முள் நீக்கினார்கள். அடுத்த பெரிய வெள்ளிக்கு முன் வலது மூலை கோவில் வாசலிலிருந்து கிணற்றடி வரை நோமிகோஸுக்கு, கிணற்றடியிலிருந்து திரும்பி வரும்வரை பந்தெலிஸுக்கு என்று பாதிரியார் தீர்ப்புச் சொன்னார். இருவரும் ஒத்துக்கொண்டார்கள். நோமிகோஸ் அன்றைக்குக் குடித்த ஒவ்வொரு கோப்பையையும் பந்தெலிஸின் கையை வாழ்த்தியே குடித்தார். “இந்தக் கைதான்யா! இந்தக் கைதான் தளர்த்துச்சு!”

காய்ந்த சட்டையோடு நோட்டரி அகதோக்லிஸ் எழுந்து நின்றார். கடை அமைதியானது. வலிமைமிக்க கடலும் காற்றும் செய்ய முடியாததை மனிதன் தன் சகோதரனை நோக்கி விடுத்த ஒரே ஓர் அழைப்பு செய்து முடித்தது என்றும், அந்த அழைப்பைக் கேட்டதும் தன் உயிரைத் துச்சமாக எண்ணிச் சங்கிலியைத் தளர்த்திய கரம் சரித்திரத்தில் நிற்கும் என்றும், இதை இந்த மாகாணத்தின் சார்பிலும் தம் சார்பிலும் பதிவு செய்வதாகவும் அறிவித்தார். பாதிரியார் மூக்கைச் சிந்தினார். பந்தெலிஸ் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் அடக்கத்தோடு ஏற்றுக்கொண்டார்.

பந்தெலிஸ் எதையும் தளர்த்தவில்லை. அவருடைய வின்ச்சின் பிரேக் தேய்ந்துபோயிருந்தது, அலை தூக்கியதும் சங்கிலி தானாக ஓடிவிட்டது.