ஜீப்புக்குப் போட்ட பைபர் ஒட்டு

உப்புக்காற்று ஆளை விட்டாலும் இரும்பை விடாது. ராமேஸ்வரம் தீவில் தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் ஓடும் வண்டி என்றால் கேட்கவே வேண்டாம். ஜோஸ்லினின் பழைய ஃபோர்வீல் ஜீப் அங்கேதான் ஓடியது. கரையில் இறங்கும் மீன் கூடைகளையும் அவற்றை விற்கப் போகும் பெண்களையும் ஏற்றி, மணலைக் கடந்து சாலையில் கொண்டுபோய் விடுவாள். வேறு வண்டி எதுவும் அந்த மணலில் நாலடி நகராது.

அந்த ஜீப் ஓடத் தகுதியானது என்று சர்க்கார் தரும் எப்.சி. முடிந்துவிட்டது. மறுபடி வாங்காவிட்டால் அவள் பழையபடி நண்டுக் கம்பெனிக்குத்தான் போக வேண்டும். சூப்பர்வைசரின் ஏச்சைக் கேட்டுக்கொண்டு நாளெல்லாம் நண்டு உடைக்க வேண்டும். ஸ்டியரிங் பிடித்த கை இனி அங்கே போகாது என்று ஜோஸ்லின் மாதாவிடமே சத்தியம் செய்திருந்தாள்.

எப்.சி.யில் எதெதற்கு வண்டியைத் திருப்பி அனுப்புவார்கள் என்று அவளுக்குத் தெரியும். பிரேக் ஷூ மாற்றினாள். வழுக்கை விழுந்த டயர்களைக் கழற்றிப் போட்டாள். ஸ்டியரிங் ஆட்டத்தைச் சரிபண்ணி, எரியாத ஹெட்லைட்டை எரிய வைத்தாள். வண்டிக்கு அடியில் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் வேலையை மட்டும் புருஷன் எட்வர்டிடம் விட்டாள். எட்வர்ட் பைபர் வள்ளம் ஒட்டுகிறவன். அவன் ஒட்டிய வள்ளத்தில் பொட்டுத் தண்ணீர் ஏறாது. பொழுதுக்கும் ஜீப்புக்கு அடியில் கிடந்தான். அடிப்பக்கம் புதுசாக மின்னியது.

ராமநாதபுரம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் பிரேக் இன்ஸ்பெக்டர் நாகலெட்சுமி விளக்கு, ஹாரன், பிரேக் எல்லாம் பார்த்துத் தலையாட்டினார். ஜோஸ்லினுக்குப் போன உயிர் வந்தது. பிறகு அவர் குனிந்து, சின்னச் சுத்தியலால் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸைத் தட்டிக்கொண்டே போனார். டங், டங், டங். தொப்.

"இது இரும்புச் சத்தம் இல்லையே?"

எட்வர்ட் பெருமையாகவே முன்னால் வந்தான். "பைபர் மேடம். துரு தின்னு ஓட்டையாக் கெடந்துச்சு, ஒட்டிட்டேன். கடல்ல போட்டாலும் அசையாது."

"கடல்ல போறதுக்கு நான் எப்.சி. குடுக்கிறதில்லையே. அதை வெட்டி எடுத்துட்டு, இரும்புத் தகடு வச்சு வெல்டிங் பண்ணிக் கொண்டாங்க."

வெளியே வந்ததும் ஜோஸ்லினுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகப் பொங்கின. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சிருக்கீகளே! ஓட்டைன்னு ஒரு வார்த்த சொன்னா வாயில இருக்க முத்து உதுந்திருமா?"

"நீ வெசனப்படுவியேன்னுதான்..."

"நண்டு உடைக்கப் போறேன். இப்ப சந்தோசமா?"

வண்டியை நேரே பட்டறையில் கொண்டுபோய் நிறுத்தினாள். வெல்டர் பைபரைப் பெயர்த்தார். ஒட்டு என்னவோ கெட்டியாகத்தான் இருந்தது. அதைச் சுற்றியிருந்த இரும்புதான் விரல் பட்டதும் அப்பளமாக நொறுங்கி உதிர்ந்தது.

"நாலு கூடை கூடுதலா ஏத்தியிருந்தா மணல்லயே முறிஞ்சிருக்கும்க்கா" என்றார் வெல்டர்.

எட்வர்ட் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "உன்னய இதுல ஏத்திவிட்டுட்டு, கரையில நின்னு கையாட்டியிருப்பேன் ஜோஸ்லின்" என்றான்.

அவன்மேல் இருந்த கோபம் அவளுக்கு அங்கேயே போய்விட்டது. "எந்திரிங்க. எங்கெங்க துரு இருக்குன்னு உங்களுக்குத்தான் தெரியும், அவருக்குக் காட்டுங்க" என்றாள். அவன் ஒரு இடம் விடாமல் காட்டினான்.

மறுமுறை போனபோது இன்ஸ்பெக்டர் தட்டிய இடமெல்லாம் டங் என்றது. "பாஸ்" என்று பேனாவை எடுத்தார். ஜோஸ்லின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"மேடம், கொஞ்சம் பொறுங்க" என்றான் எட்வர்ட்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இந்த மனுஷன் இன்னும் எதை ஒட்டி வைத்திருக்கிறானோ!

"பின்பக்கம் இன்னொருக்கா நல்லாத் தட்டிப் பாத்திருங்க மேடம். ஓட்டப் போறது எம் பொஞ்சாதி."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவிட்டு மறுபடி குனிந்தார்.