எதிர்ப் பெட்டி

கேளிக்கைப் பூங்காவின் நிதித் தலைவருக்கு ஊழியர்கள் வைத்திருந்த பெயர் பிசினாறி. அவர் எதிரில் யாரும் சொன்னதில்லை. அவர் காதுக்கு எட்டாமலும் இருந்ததில்லை. கேட்டுக் கோபப்படவும் மாட்டார். புதுப் பென்சில் கேட்டால் பழைய பென்சிலின் மிச்சத்தைக் காட்டச் சொல்லுகிற மனிதருக்கு அந்தப் பெயர் ஒரு நற்சான்றிதழ் மாதிரி. பேய் வீட்டு எலும்புக்கூட்டுக்குக் கை உடைந்தபோது, "பயமுறுத்த ஒரு கை போதாதா?" என்று கோப்பிலேயே எழுதி அனுப்பியவர். அது இன்றைக்கும் ஒற்றைக் கையோடுதான் பிழைப்பை ஓட்டுகிறது.

அப்பேர்ப்பட்டவர் பதினோரு வருஷமாகத் தினமும் காலை எட்டு மணிக்கு ராட்சத ராட்டினத்தில் ஏறி மூன்று சுற்றுச் சுற்றினார் என்றால் நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் அதுவும் சிக்கனத்தில் ஆரம்பித்ததுதான்.

பூங்கா திறப்பதற்கு முன்னால் தலைமை மெக்கானிக் ராட்டினத்தில் தானே ஏறி மூன்று சுற்றுப் போய்வர வேண்டும். பேரிங் எங்காவது முனகுகிறதா என்பதைக் காதால் கேட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். கீழே நின்றால் மோட்டார் இரைச்சல் அமுக்கிவிடும். ஆள் உட்காரும் பெட்டிக்கு நேர் எதிர்ப் பெட்டியில் அதே எடை வேண்டும். இல்லாவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக இழுத்து, சத்தமே மாறிப்போகும். அதற்காக மணல் மூட்டைகள் இருந்தன. ஒரு மழைக்காலத்தில் எலிகள் அவற்றைக் கடித்துக் கந்தலாக்கிவிட்டன. சேதத்தைப் பார்வையிட வந்த நிதித் தலைவர், புது மூட்டை எதற்கு வீணாக என்று எதிர்ப் பெட்டியில் தானே ஏறி உட்கார்ந்துவிட்டார். அவர் எழுபத்தெட்டு கிலோ, தலைமை மெக்கானிக் அறுபத்தொன்று. குறைந்த பதினேழு கிலோவுக்கு அவள் தன் கருவிப் பெட்டியைக் காலடியில் வைத்துக்கொண்டாள்.

அவளைப் பூங்காவே அக்கா என்று கூப்பிடும். கணவன் இறந்த பிறகு டிக்கெட் கிழிக்கும் வேலைக்கு வந்து, ஸ்பானர் பிடிக்கக் கற்று, மேலே வந்தவள். எல்லாருக்கும் அக்காவான அவளை அப்படிக் கூப்பிட அவருக்கு மட்டும் வாய் வரவில்லை. மேடம் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கும் மனைவி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது அப்போது.

எதிரெதிர்ப் பெட்டிக்காரர்கள் சேர்ந்து எங்கும் போக முடியாது. அவள் உச்சியில் இருக்கும்போது இவர் தரையில். இவர் உச்சிக்குப் போனால் அவள் தரையில். சுற்றுக்கு இரண்டு தடவை மட்டும் இருவரும் சம உயரத்துக்கு வருவார்கள். அப்போது கம்பிகளுக்கு ஊடாக, சக்கரத்தின் அந்தக் கோடியிலிருந்து அவள் இவரைப் பார்ப்பாள். மூன்று சுற்றுக்கு ஆறு பார்வை. முதலில் இறங்குவது அவள்தான். அரைச் சுற்றுக் கழித்து இவர் இறங்கும்போது அவள் அடுத்த ராட்டினத்துக்குப் போயிருப்பாள். மூன்றாம் மாதமே அவருக்குத் தெரிந்துவிட்டது, தான் எடைக்காக வரவில்லை என்று. அந்த ஆறு பார்வைக்காகத்தான் மனிதர் காலையில் எழுந்து குளித்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டார்.

பதினோரு வருஷத்தில் அவள் கேட்ட சொந்தக் கேள்வி ஒன்றே ஒன்று. மாதாந்திர எடை பார்க்கும்போது ஒருநாள், "ரெண்டு கிலோ குறைஞ்சிருக்கீங்க சார். ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். அன்றைக்கு முழுக்க அவருக்கு வேலை ஓடவில்லை.

ஆனால் வருஷம் தவறாமல் அவளிடமிருந்து ஒரு கோப்பு வரும். எடைக்கென்றே செய்கிற, தண்ணீர் நிரப்பும் பொம்மைகள் வாங்க வேண்டும், ஆளை ஏற்றுவது சரியில்லை என்று. அதைப் படிக்கும்போதெல்லாம் அவருக்கு முகம் சுண்டிப்போகும். தன்னைக் கழற்றிவிடத்தான் பார்க்கிறாள் என்று நினைப்பார். நல்லவேளையாகக் கோப்பில் எப்போதும் இரண்டு கொட்டேஷன்தான் இருக்கும். மூன்று கம்பெனியில் விலை கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது என்பது அவரே போட்ட சட்டம். "மூன்றாவது கொட்டேஷன் இல்லை" என்று எழுதித் திருப்பி அனுப்புவார். அனுப்பியதும் ஒரு நிம்மதி வரும், பின்னாலேயே குற்ற உணர்ச்சியும் வரும். ஒரு போல்ட் தளர்ந்தால் பத்தடி தூரத்தில் கண்டுபிடிக்கிறவள் மூன்று தாளை எண்ணி வைக்க மாட்டாளா என்று ஆச்சரியப்பட்டதோடு சரி, அதற்கு மேல் யோசிக்கவில்லை.

பிறகு மகனிடமிருந்து போன் வந்தது. தூரத்து ஊரில் மருமகளுக்கு இரட்டைக் குழந்தை. அவள் விடுமுறை இன்னும் சில மாதத்தில் முடிகிறது, பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, அப்பா வந்தால்தான் குடும்பம் ஓடும் என்றான். மறுக்க அவருக்கு ஒரு காரணமும் இல்லை. இருந்த ஒரே காரணத்தை வெளியில் சொல்ல முடியாது.

ஒரு மாத நோட்டீஸ் போதும். அவர் மூன்று மாதம் கொடுத்தார். முதலாளி நெகிழ்ந்துபோய், கம்பெனிமேல் எவ்வளவு பற்று என்று கூட்டத்தில் பேசினார். பற்றாவது ஒன்றாவது. ஒருத்தி வாயிலிருந்து ஒரு வார்த்தை வர எவ்வளவு நாள் ஆகுமோ தெரியாமல்தான் மூன்று மாதமாகக் கொடுத்தார். செய்தி தெரிந்த அன்று அவள், "பேரப் பிள்ளைங்க நல்லா இருக்கட்டும் சார்" என்றாள். அவ்வளவுதான். அந்த வாக்கியத்தை அவர் மூன்று மாதமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பேரப் பிள்ளைகளைத் தவிர அதில் வேறு யாரும் இல்லை.

கடைசி வாரங்களில் மனசு உறுத்தியது. தன் ஆசைக்காக அவள் கேட்டதைப் பதினோரு வருஷம் மறுத்துவிட்டோமே என்று, அந்த வருஷத்துக் கோப்பை எடுத்தார். மூன்றாவது கம்பெனிக்குத் தானே போன் போட்டு விலை வாங்கி இணைத்துக் கையெழுத்தும் போட்டார். தான் போன பிறகு பொம்மைகள் வந்து இறங்கும், அவள் சந்தோஷப்படுவாள், ஒரு நொடியாவது தன்னை நினைப்பாள் என்பது திட்டம்.

கம்பெனிக்காரன் ஒன்பதே நாளில் அனுப்பிவிட்டான்.

கடைசி நாள் காலை எட்டு மணிக்கு இஸ்திரி போட்ட சட்டையோடு அவர் வந்து நின்றபோது, பதின்மூன்றாம் பெட்டியில் அவர் இடத்தில் நீல நிறத்தில் ஒரு பொம்மை தொப்பையோடு உட்கார்ந்திருந்தது. முகம் கிடையாது. எழுபது கிலோ என்று நெஞ்சில் அச்சடித்திருந்தது. நேற்று சாயங்காலம் வந்ததாகவும், தண்ணீர் நிரப்பி வைத்துவிட்டதாகவும் ராட்டின ஆபரேட்டர் பெருமையாகச் சொன்னார். இனிமேல் சார் கஷ்டப்பட வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவள் கையில் கோப்போடு வந்தாள். முகம் சரியில்லை.

"மூணாவது கொட்டேஷன் யாரு வாங்குனது?"

"நான்தான்."

"எதுக்கு சார்?"

"இத்தன வருஷமா கேட்டீங்களே மேடம். போறதுக்கு முன்னாடி அதையாவது செஞ்சிட்டுப் போகலாம்னு..."

"நான் கேட்டதைப் பாத்தீங்க. ரெண்டே ரெண்டு தாள வச்சுக் கேட்டதைப் பாக்கலையா?" அவள் குரல் உயரவில்லை. "கேக்கலைன்னா சேஃப்டி இன்ஸ்பெக்டர் விட மாட்டாரு. மூணு வச்சா நீங்க வாங்கிக் குடுத்துருவீங்க. நான் என்னதான் பண்றது?"

கம்பெனியின் ஒவ்வொரு தாளையும் புரட்டிப் பார்த்த மனிதர், தனக்கென்று வந்த ஒரே கடிதத்தைப் பதினோரு தடவை படிக்காமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். தன்னைத் தானே அறைந்துகொள்ளலாம்போல இருந்தது.

"அப்ப என்னைப் போகாதீங்கன்னு ஏன் சொல்லலை?" என்று மெல்லக் கேட்டார்.

"ரெண்டும் கைக்குழந்தைங்க சார். எந்த வாயால சொல்றது?"

மாலை நான்கு மணிக்கு ரயில். வீட்டுச் சாவியை முந்தின நாளே கொடுத்தாயிற்று. மருமகள் திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும்.

அவள் ஆபரேட்டர் பக்கம் திரும்பி, எதிர்ப் பெட்டியில் இன்னொரு பொம்மையையும் ஏற்றச் சொன்னாள். ஏன் என்று அவருக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவள் தன் முதலாம் பெட்டியைத் திறந்து பிடித்துக்கொண்டு, "ஏறுங்க சார். எடை சரியா இருக்கும்" என்றாள். கருவிப் பெட்டி கீழேயே இருந்தது.

உள்ளே இருக்கை குறுகல். பக்கத்தில் உட்கார்ந்தால் தோள் படாமல் இருக்க முடியாது. அவளிடமிருந்து கிரீஸ் வாசனை வந்தது. அவள் கட்டை விரலில் ஒரு பழைய தழும்பு இருந்தது. காதோரம் நன்றாகவே நரைத்திருந்தது. பதினோரு வருஷம் பார்த்தும் அவருக்கு இதெல்லாம் தெரியாது. சோதனையின்போது யாரும் பேசக் கூடாது, அவள் சத்தத்தைக் கேட்க வேண்டும். சொல்ல அவ்வளவு இருந்தும் மனிதர் கைக்குட்டையைப் பிழிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

முதல் சுற்று போயிற்று. இரண்டாவது சுற்றில் பூங்காச் சுவருக்கு வெளியே வரிசையில் நிற்கும் குடும்பங்கள் தெரிந்தன. மூன்றாவது சுற்றில், உச்சிக்கு வந்தபோது, அவள் பிடித்திருந்த கம்பியிலேயே அவரும் கை வைத்தார். அவள் கையை எடுக்கவில்லை. இந்தச் சக்கரம் இங்கேயே பழுதாகி நின்றுவிடக் கூடாதா என்று அவர் நினைத்தார். எதுவும் பழுதாகவில்லை. அவள் பராமரித்த சக்கரம் ஆயிற்றே.

இருவரும் ஒன்றாக இறங்கினார்கள். ஆபரேட்டர் மேஜைக்கு ஒன்றாகவே நடந்தார்கள். அவள் சோதனைப் பதிவேட்டைத் திறந்து, நின்றபடியே எழுதி, அவர் பக்கம் தள்ளினாள். தாமதம் என்று எழுதினால் நிதித் தலைவர் கையெழுத்து வேண்டும். அவள் பொறுப்பேற்ற பிறகு அந்தக் கட்டத்தில் யாரும் எழுத நேர்ந்ததில்லை.

"சோதனை செல்லாது. தலைமை மெக்கானிக்கின் கவனம் சத்தத்தில் இல்லை. உதவி மெக்கானிக் மறுபடி சோதிக்க வேண்டும். திறப்பு அரை மணி நேரம் தாமதம்."

அவர் இரண்டு தடவை படித்தார். அரை மணிக்கு எத்தனை டிக்கெட் போகும் என்று அவர் மூளை கணக்குப் போடவே இல்லை.

"ஒண்ணுமே கேக்கலையா?"

"ஒண்ணுமே கேக்கலை சார்."

"நாளைக்கு?"

அவள் பேனாவை அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்கல்ல. நல்லா கேக்கும்."

அவர் பேனாவை வாங்கி, அவள் எழுத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.