அடுப்படிக்கு ஐம்பத்துநான்கு கிலோமீட்டர்

எங்கள் ஊரில் ஒருவர் ஓடாமல் விட்ட தூரம் அவர் வீட்டுக்குள் வந்து சேர்ந்துகொள்ளும். எங்கள் வீட்டில் அது படுக்கையறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் சேர்ந்தது. மேல்வீட்டு நீலமேகம் நீச்சலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் போகாமல் இருந்ததால், அவர்கள் பூஜையறைக்குப் பரிசலில்தான் போகிறார்கள். அதைப் பார்த்தால் எங்களுக்குப் பரவாயில்லை.

நான் ஓட்டக் குழுவில் சேர்ந்தது போன மாதம். செவ்வாய் மூன்று கிலோமீட்டர், வியாழன் மூன்று, ஞாயிறு ஆறு என்று அட்டவணை எழுதி பீரோ கதவில் ஒட்டினேன். புது ஷூகூட வாங்கினேன். செவ்வாய்க்கிழமை ஆபீஸில் பெரிய அதிகாரி வந்தார். வியாழன் மழை வருகிற மாதிரி இருந்தது. ஞாயிறு உறவில் ஒரு புதுமனை புகுவிழா. மறுநாள் காபிக்கு எழுந்தால் அடுப்படி பன்னிரண்டு கிலோமீட்டர்.

மூன்றுக்கே நேரமில்லாதவன் பன்னிரண்டுக்கு எங்கே போவது? படுக்கையறைக்குத் தனிப் படிக்கட்டு உண்டு. அப்படியே இறங்கி ஆபீஸ் போய்விட்டேன். வெளியே சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வந்தாலும் தூரம் குறையாது. கேன்டீன் இட்லி நன்றாகவே இருந்தது. அடுத்த வாரம் சேர்த்து ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

என் மனைவி சுகந்தி ராத்திரி போன் செய்தாள்.

"சாம்பார் ஆறுதுங்க. எங்க வந்துட்டிருக்கீங்க?"

"பாதிக்கு மேல வந்துட்டேன். ஃப்ரிட்ஜ் கிட்ட."

கட்டிலில் உட்கார்ந்து லேப்டாப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஃப்ரிட்ஜ் நாலாவது கிலோமீட்டர்லதானுங்க இருக்குது," என்றாள். கோபப்பட்டுக்கூடச் சொல்லவில்லை.

நான்கு வாரம் அப்படியே போயிற்று. ஐந்தாவது திங்கட்கிழமை போன் செய்தாள். காய்ச்சல் நூற்றிரண்டு. அன்றைக்கு எங்களுக்கு நடுவே நாற்பத்தெட்டு கிலோமீட்டர். "ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வந்துடறேன்" என்றேன். அன்றே கிளம்பியிருக்க வேண்டும். இப்போது சொல்லி என்ன பிரயோஜனம். செவ்வாயும் வியாழனும் வழக்கம்போல ஓடவில்லை, ஐம்பத்துநான்கு ஆகிவிட்டது.

ஞாயிறு விடியற்காலை கிளம்பினேன். கொஞ்சம் ஓட்டம், நிறைய நடை. இருபதாவது கிலோமீட்டரில், சுவரோரமாக ஒரு எவர்சில்வர் தூக்கு இருந்தது. மாவு டப்பாவில் ஒட்டுவது போல மூடியில் தேதி எழுதி ஒட்டியிருந்தாள். எங்கள் கல்யாண நாள். உள்ளே கேசரி பூசணம் பிடித்திருந்தது. அவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கட்டிலை விட்டு இறங்கவே இல்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அதில் ஒரு கால் மணி நேரம் போயிற்று.

அடுப்படியை எட்டியபோது சாயங்காலம் ஐந்தரை. சுகந்தி எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள். மேஜையில் ஒருவர் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் முகம்தான், தொப்பை மட்டும் இல்லை. அட்டவணைப்படி ஒரு நாள் விடாமல் ஓடியவர்.

"இவரு திங்கக்கிழமையே வந்துட்டாருங்க. டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு," என்றாள் சுகந்தி.

எனக்கு விருந்தாளிகளுக்கு எடுக்கும் டம்ளரில் காபி கொடுத்தாள். சர்க்கரை போதுமா என்று கேட்டாள். பதினாறு வருஷமாக எனக்குக் காபி போட்டவள். போதும் என்றேன்.

அவர் நல்ல மனிதர். என் கால் கொப்புளத்துக்குக் களிம்பு எடுத்துத் தந்தார். "ஆபீஸ் மட்டும் நீங்களே பாத்துக்கங்க. எனக்கு நேரம் கிடைக்கறதில்லைங்க," என்றார். நியாயமாகத்தான் பட்டது. திங்கட்கிழமை எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டுமென்றால் அப்போதே திரும்பினால்தான் உண்டு. ஷூவை மாட்டினேன்.

சுகந்தி அடுப்படி வாசல்வரை வந்தாள்.

"அடுத்த தடவை போன் பண்ணிட்டு வாங்க. சமைச்சு வைக்கிறோம்."

"சரிங்க," என்று சொல்லிவிட்டு ஓடினேன்.