கடலே இல்லாத நாட்டுக்கு ஒரு பாடு

எங்கள் குப்பத்தில் பேனர் வைக்க இரண்டே காரணம்தான் உண்டு. ஒன்று காதுகுத்து, இன்னொன்று கண்ணீர் அஞ்சலி. போன ஐப்பசியில் மூன்றாவதாக ஆப்பிரிக்கா வந்து சேர்ந்தது.

பேனரில் முக்கால் பங்கு முனைவர் இளவழகனின் முகம். சென்னையில் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். முனைவர் பட்டம் எங்கே வாங்கினது என்று கேட்டால் "வெளிநாட்டில்" என்பார். எந்த நாடு என்று கேட்டால் அவருக்குப் போன் வந்துவிடும். முகத்துக்குப் பக்கத்தில் ஒரு சிங்கம். சிங்கத்துக்குக் கீழே அழுகிற குழந்தை. 'இருண்ட கண்டத்தின் கண்ணீர் துடைக்கப் புறப்படுவோம்' என்று எழுத்து. வலது மூலையில், பேனர் அடித்த கடையின் போன் நம்பருக்கு மேலே, ரேஷன் கார்டு போட்டோ அளவில் எங்கள் சுபஸ்ரீ.

இத்தனைக்கும் புறப்படப் போவது அவள் ஒருத்திதான்.

சுபஸ்ரீ என் அக்கா மகள். நர்சிங் முடித்துவிட்டுச் செங்குன்றத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை. மலாவி என்ற நாட்டில் ஒரு பெரிய ஏரி, அந்த ஏரிக்கரையில் ஒரு மீன்பிடிக் கிராமம், அங்கே ஆறு மாதம் சம்பளமில்லாத சேவை. இதற்கு விண்ணப்பித்து, தேர்வாகி, வீட்டில் வந்து சொன்னபோது என் அக்கா கேட்டது ஒன்றுதான்: "சம்பளம் இல்லாம வேல பாக்கறதுக்கு இங்க ஊடு இல்லியா?"

போகிறவள் கையை வீசிக்கொண்டும் போக முடியாது. அந்தக் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் கரண்ட் இல்லை. ராத்திரியில் பிரசவம் என்றால் யாராவது பக்கத்தில் நின்று செல்போன் வெளிச்சம் காட்ட வேண்டும். சோலார் தகடும் பேட்டரியும் விளக்குகளும் வாங்கப் பணம் திரட்ட வேண்டியது போகிறவள் பொறுப்பு. தை பிறப்பதற்குள் திரட்டாவிட்டால் அவளுடைய இடம் வரிசையில் அடுத்து நிற்பவளுக்குப் போய்விடும்.

அவளுடைய நைனா, என் மச்சான் ராஜவேலு, போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. வலையைப் பிரித்துப் போட்டுப் பொத்தல் தைத்தார். தைத்து முடித்த பிறகு, பொத்தல் இல்லாத இடத்தையும் தைத்தார். அவர் கோபமாக இருந்தால் கத்துவார். பயந்தால்தான் தைப்பார்.

இளவழகன் நிதி திரட்டும் கூட்டத்தை எல்லையம்மன் கோயிலுக்கு முன்னால் வைத்தார். புரொஜெக்டர் கொண்டுவந்திருந்தார். பட்டப்பகலில் கோயில் சுவரில் ஆப்பிரிக்காவைக் காட்டினார். வெயிலில் சுவர்தான் தெரிந்தது. அரைமணி நேரம் சுவரைக் காட்டியே பேசினார். பிறகு கையிலிருந்த போட்டோக்களைச் சுற்றுக்கு விட்டார்.

முதல் போட்டோ கோவிந்தம்மா அக்காவின் கையில் சிக்கியது. அக்கா கருவாடு காயவைத்து விற்கிறவர். அவர் குரல் நடுத்தெருவில் எழுந்தால் ஏரியில் நிற்கிற படகு திரும்பிப் பார்க்கும்.

"இந்தப் புள்ள இன்னாத்துக்கு அழுவுது?"

"வறுமைம்மா" என்றார் இளவழகன், கண்ணை மூடி.

"மூக்கு ஒழுவுதே. போட்டோ புடிச்சவன் மொதல்ல தொடச்சி வுட்டிருக்கலாமில்ல?"

"அம்மா, அது உலகத்தின் மனசாட்சியை..."

"அட இருய்யா. சுனாமி அப்ப என்னையும் இப்டித்தான் புடிச்சாங்க. நான் சிரிச்சிக்கினு இருந்தேன், புது அடுப்பு குடுத்தாங்களேன்னு. சிரிக்காதீங்கம்மா, சோகமா பாருங்கன்னான். சரி, நம்மளால ஒருத்தன் பொழப்பு கெடுவானேன்னு நானும் மூஞ்சிய தொங்க வுட்டேன். அந்த மூஞ்சிய பாத்துட்டு எந்த ஊர்லேந்தோ சுவெட்டரு அனுப்பனாங்க. கம்பளி சுவெட்டரு! சித்திர மாசத்துல!"

கூட்டம் சிரித்தது. அந்தச் சுவெட்டர் யார் வீட்டில் என்ன ஆயிற்று என்று ஆளுக்கொரு கதை. கோவிந்தம்மா அக்கா தன்னுடையதை ஐஸ் பெட்டிக்குப் போட்டுவிட்டிருக்கிறார். இன்றைக்கும் அந்தப் பெட்டி கழுத்துப்பட்டியோடும் இரண்டு கையோடும் வாசலில் உட்கார்ந்திருக்கும். ஐஸ் சீக்கிரம் கரையாது.

உண்டியல் சுற்றி வந்தது. சில்லறையும், ஒரு சட்டைப் பொத்தானும் விழுந்தன. இளவழகன் மைக்கைப் பிடித்து, "கடலோர மக்களிடம் மனிதநேயம் மங்கிவிட்டதைக் கண்டு நெஞ்சம் கனக்கிறது" என்று சொல்லி, கனத்த நெஞ்சோடு காரில் ஏறினார். கார் மணலில் புதைந்தது. மனிதநேயம் மங்கிய இருபது பேர் சேர்ந்து தள்ளிவிட்டோம்.

சுபஸ்ரீ பேனர் கம்பத்தில் சாய்ந்து நின்றாள்.

"மாமா, நம்ம ஜனங்க குடுப்பாங்கன்னு நம்பித்தான் மெட்ராஸ்ல யாராண்டயும் கேக்கல."

"கேட்டது நீ இல்லியேம்மா. அந்தாளு கேட்டாரு."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "அடுத்த வாரம் பாடு சீட்டு குலுக்கறாங்கல்ல?" என்றாள்.

பாடு என்பதை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லியாக வேண்டும். கடலைத் தொட்டுக் கிடக்கும் எங்கள் உப்பு ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை கட்ட முடியாது. எந்த இடம் என்றைக்கு யாருக்கு என்பது சீட்டுப் போட்டுத்தான். தலைக்கட்டுக்கு ஒரு சீட்டு, அதாவது குடும்பத்துக்கு ஒன்று. ஏரி கடலில் சேரும் முகத்துவாரத்துப் பக்கம் விழுந்தால் இறால் குவியும். சேற்றுப் பக்கம் விழுந்தால் வலைக்குச் சோப்புச் செலவு. அம்மனுக்கும் ஒரு சீட்டு உண்டு. அன்றைக்குக் கிடைப்பது கோயிலுக்கு. இந்த முறையில் பணக்காரன், ஏழை, சண்டைக்காரன் எல்லாரும் ஒன்று. ஆனால் உறுப்பினராக இல்லாதவன் ஏரிக்குள் காலை நனைத்தாலும் கேள்வி வரும்.

ஊர்க்கூட்டத்தில் பெண்கள் ஓரமாக நிற்பது வழக்கம். சுபஸ்ரீ நடுவில் வந்து நின்றாள். தலைவரைப் பார்த்து, "பெரியப்பா, எனக்குத் தர்மம் வேணாம். அந்தக் கிராமத்துக்கு ஒரே ஒரு பாடு குடுங்க" என்றாள்.

 என் மச்சான் தரையைப் பார்த்தார். கையில் வலை இல்லாததால் துண்டின் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"அவங்க இன்னா தொழிலு?" என்றார் தலைவர்.

"மீன்புடிதான். நம்மள மாதிரியே ஏரி."

"உப்புத் தண்ணியா?"

"நல்ல தண்ணி."

"அடடா" என்றார் தலைவர், உண்மையான வருத்தத்தோடு. "அப்ப இந்த இறால் கெடைக்காதே. சரி, கடலு எந்தப் பக்கம்?"

"கடல் இல்ல பெரியப்பா."

"ஏரிக்குக் கடல் இல்லாம? முகத்துவாரம்?"

"அந்த நாட்டுக்கே கடல் கெடையாது. சுத்தியும் வேற வேற நாடு."

சொன்னால் நம்ப மாட்டீர்கள். அழுகிற குழந்தைக்கு அசையாத கூட்டம், முனைவரின் அரைமணி நேரத்துக்கு அசையாத கூட்டம், இதற்கு ஆடிப்போனது.

"கடலே இல்லியா?"

"ஒரு சொட்டு கூடவா?"

"அப்ப வாடக்காத்து எங்கேந்து வரும்?"

"செத்தா சாம்பல எங்க கரைப்பாங்க?"

"தெக்கால தொறமொகத்துக்குக் கொஞ்சூண்டு கடல் போனதுக்கே நாம ரோட்ட மறிச்சோம்" என்றான் பின்னாலிருந்து ஒருத்தன். "அதுங்களுக்கு மொத்தமாவே இல்லியேப்பா!"

கோவிந்தம்மா அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "அய்யோ, காலைல எழுந்து எத்தப் பாக்குங்க அதுங்க?"

தலைவர் கையை உயர்த்தினார். "சரி, ஒரு சீட்டு போடலாம். ஊர் பேருல போட முடியாது, ஆளு பேரு வேணும். அவங்க தலைவர் பேரு சொல்லு."

"எஸ்தர் பாண்டா."

"எஸ்தரா? பொம்பளயா?"

"ஆமா."

 எங்கள் பாடு முறையில் பெண் பெயருக்குச் சீட்டுப் போட்டதே கிடையாது.

"வேற ஆம்பள பேரு ஒன்னு சொல்லும்மா. அவங்க ஊட்டுக்காரர் பேரு..."

"அந்த ஊருக்குத் தலைவர் அவங்கதான் பெரியப்பா. பொய் பேரு குடுத்து எனக்குப் பாடு வேணாம்." சொல்லிவிட்டாளே தவிர, அவள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"இத்தினி வருசமா எல்லையம்மனுக்குச் சீட்டுப் போடறீங்களே" என்றார் கோவிந்தம்மா அக்கா, "அது இன்னா ஆம்பளயா?"

தலைவர் கோயிலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு கணக்குப் பிள்ளையிடம், "எழுதுப்பா, எஸ்தர் பாண்டா" என்றார்.

சீட்டுக் குலுக்கினார்கள். ராஜவேலுவுக்கு முகத்துவாரத்து இடம் விழுந்தது. நாலு வருடமாக அவர் காத்திருந்த இடம். எஸ்தர் பாண்டாவுக்குச் சேறு விழுந்தது.

"ச்சே" என்றது கூட்டம் ஒரே குரலில். வெளியூர் ஆளு, இன்னொரு தரம் குலுக்கலாமே என்று ஒருவன் சொல்ல, தலைவர் முறைத்தார். "குலுக்குனது குலுக்குனதுதான். மாத்திக் குடுத்தா அது பாடு இல்ல, பிச்ச. அந்தப் பொண்ணே அது வேணாம்னுதான வந்து நிக்குது?"

சேற்றுப் பக்கம் கிடைப்பதை வைத்து ஒரு டார்ச் லைட் வாங்கலாம். சுபஸ்ரீக்கு அது தெரியும். அவள் தலையை ஆட்டிக்கொண்டாள், முகத்தை மட்டும் எங்களுக்குக் காட்டவில்லை.

அப்போது என் மச்சான் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார்.

"உறுப்பினருக்கு உறுப்பினர் எடம் மாத்திக்கலாம்ல தலைவரே?"

"மாத்திக்கலாம். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா."

"நான் எஸ்தர் பாண்டா கூட மாத்திக்கறேன். போன போட்டு சம்மதமான்னு கேளு" என்றார் மகளிடம், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

அங்கே அப்போதுதான் விடிந்திருந்தது. ஸ்பீக்கரில் பின்னணியில் சேவல் கூவியது. "நம்ம சேவலு மாதிரியே கூவுது" என்று யாரோ வியந்தார்கள். சுபஸ்ரீ இங்கிலீஷில் விளக்கினாள்.  அந்தப் பக்கமிருந்து கனமான பெண் குரலில் ஒரு கேள்வி.

"நைனா, அவங்க கேக்கறாங்க... நல்ல எடத்த ஒருத்தர் எதுக்கு சும்மா மாத்திக்கறாரு, அதுல இன்னா வில்லங்கம்னு."

கூட்டம் கைதட்டிச் சிரித்தது. "சரியான மீன்காரி!" என்றார் தலைவர். "கேட்டா பாரு கேள்வி! இவங்க நம்மாளுதான்யா!" அந்த ஒரு சந்தேகத்தில் மலாவிக்கும் எங்களுக்கும் நடுவே இருந்த தூரம் போய்விட்டது.

ராஜவேலு போனுக்குக் கிட்டே குனிந்தார். தூரத்து ஊர் என்பதால் உரக்கப் பேசினார்.

"வில்லங்கம் ஒன்னும் இல்லன்னு சொல்லு. எம்பொண்ணு அவங்க ஊட்டுக்குத்தான வரப்போவுது? பொண்ண அனுப்பறவன் சேத்தயா சீரா குடுத்தனுப்புவான்?"

 போன் "ஹலோ, ஹலோ" என்றது. பிறகு சுபஸ்ரீ இங்கிலீஷில் சொன்னது எனக்குப் புரிந்தது. நைனா சொன்ன எதையும் அவள் மொழிபெயர்க்கவில்லை. "நான் வரலாம்னு எங்க அப்பா சொல்லிட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

எஸ்தர் பாண்டாவின் பாடு நாளில் ராஜவேலுவே வலை கட்டினார். முகத்துவாரம் ஏமாற்றவில்லை. கரையில் இறாலைக் கொட்டியபோது வியாபாரி, "யாரு பாடு இது?" என்று கேட்க, ஐந்தாறு பேர் ஒன்றாக, "மலாவி" என்றார்கள். அவர் அதை ஏதோ புதுக் குப்பம் என்று நினைத்துக்கொண்டார். தன் முறைக்குச் சேற்றில் இறங்கிய என் மச்சான் நாலு நண்டோடும் காலில் ஒரு வெட்டோடும் வந்தார். நண்டுக் குழம்பு நன்றாகவே இருந்தது.

சோலார் பணத்தில் கொஞ்சம் குறைந்தது. அதையும் இளவழகன்தான் தீர்த்துவைத்தார். விஷயம் கேள்விப்பட்டு, இறாலோடு போட்டோ எடுத்துக்கொள்ள மறுபடி வந்தார். கார் மறுபடி புதைந்தது. முதல் தடவை தள்ளியது மனிதநேயம், இது கூலி என்று இளவட்டங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவர் பேரமும் பேசவில்லை. மணலில் நிற்கிறவர் எப்படிப் பேரம் பேசுவார்?

தை பிறந்தது. சுபஸ்ரீ போனாள். என் மச்சான் விமான நிலையம்வரை போய் வழியனுப்பினார். திரும்பி வந்து பேனரைக் கழற்றி, படகு இன்ஜினுக்கு மூடியாகக் கட்டினார். வெயில்காலம் முழுக்க முனைவர் முதல்முறையாக ஒரு ஏழைக்கு உபயோகமாக இருந்தார்.

ஆனி மாதத்தில் ஒரு சாயங்காலம் சுபஸ்ரீ வீடியோவில் கூப்பிட்டாள். கோயில் முன்னால் எல்லாரும் போனைச் சுற்றி நின்றோம். முதலில் விளக்கைக் காட்டினாள். அப்புறம் விளக்குக்குக் கீழே, துணியில் சுற்றின, பிறந்து மூன்று நாளான ஒரு குழந்தையை. அதுவும் அழுதுகொண்டுதான் இருந்தது. "நல்லா தெம்பா அழுவுது" என்றார் கோவிந்தம்மா அக்கா, திருப்தியாக.

பிறகு எஸ்தர் பாண்டா வந்தார். பருமனான பெண். அங்கே குளிர்காலமாம், கழுத்துவரை சிவப்புக் கம்பளி சுவெட்டர் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் எங்கள் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அவர் ராஜவேலுவைத் தேடிக் கும்பிட்டார், சுபஸ்ரீ சொல்லிக்கொடுத்திருப்பாள். அடுத்த சீட்டு எப்போது, தாங்கள் வலை இழுக்க ஆள் அனுப்ப வேண்டாமா என்று கேட்டார். அப்புறம் தயங்கித் தயங்கி இன்னொன்று சொன்னார்.

மொழிபெயர்க்க முடியாமல் சுபஸ்ரீ சிரித்தாள்.

"இன்னாடி, சொல்லு" என்றார் கோவிந்தம்மா அக்கா.

"அத்த... நீங்க குடுத்த பாட்டுக்குப் பதிலா நாங்க எதுனா குடுக்கணும்ங்கறாங்க. இங்க பொம்பளைங்க எல்லாம் சேந்து பின்றாங்க. ஊருக்கு..." அவளால் முடியவில்லை. "ஊருக்கு சுவெட்டர் அனுப்பறாங்களாம்."

எல்லாரும் கோவிந்தம்மா அக்காவைப் பார்த்தோம். அக்கா சிரிக்கவில்லை. எதிரே தன் வீட்டு வாசலில் கையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த ஐஸ் பெட்டியை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார்.

"அனுப்பச் சொல்லுடி" என்றார். "அது கிழிஞ்சி மாசமாவுது. கை மட்டும் கொஞ்சம் நீளமா பின்னச் சொல்லு, கட்டறதுக்குத் தோதா இருக்கும்."