பால்கட்டு

அண்ணியின் இடது மார்பு கல்லாகிக் கிடந்தது. குழந்தை பிறந்த தீட்டே இன்னும் கழியவில்லை.

"பால் கட்டிக்கிச்சு, வேறென்ன? வெந்நித் துணிய வச்சு நல்லா அமுக்கிவிடு புள்ள. எனக்குக் கையில வலு இல்ல," என்றாள் அம்மா.

எங்கள் தோட்டத்து லயத்தில் பிள்ளை பெற்றவர்களுக்கெல்லாம் இதுதான் வைத்தியம். நல்லெண்ணெய் தடவி, சூட்டோடு அமுக்கி, கட்டியைக் காம்புப் பக்கமாகத் தள்ளிவிட வேண்டும். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டோடு இருப்பவள் நான் என்பதால் அந்த வேலை எனக்கு வந்தது.

நிரஞ்சனி அண்ணி கண்ணை மூடிக்கொண்டார். அமுக்கினேன். விரலுக்குக் கீழே நழுவியது வெறும் பால் இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

அண்ணனுக்குக்கூடத் தெரியாத விஷயம் அது. கல்யாணமான புதிதில், பீலித் தண்ணீரில் குளிக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னார். துபாயில் ஒரு பார்லரில் வேலை செய்தபோது, அங்கே வந்துபோன ஒருத்தி ஏதோ ஓர் அறைக்குள் வைத்து அவர் மார்பில் ஜெல் ஊசி போட்டிருக்கிறாள். கத்தி இல்லை, தையல் இல்லை, சாகும்வரை அப்படியே இருக்கும் என்றாளாம்.

"ஊர்ல என்னைய பலகைன்னுதான் கூப்புடுவாங்க குட்டி. பொண்ணு பாக்க வந்தவங்க டீயக் குடிச்சிட்டுப் போனதோட சரி."

எங்கள் அம்மா பெண் பார்த்துவிட்டு வந்து சொன்னதும் எனக்கு நினைவிருக்கிறது. "நல்ல உடம்புவாகு. பேரப்புள்ளைக்குப் பால் பஞ்சமே வராது."

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அண்ணியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தேன்.

மறுநாள் தோல் சிவந்து பளபளத்தது. கட்டி அக்குள் பக்கம் நகர்ந்திருந்தது. காய்ச்சலும் வந்துவிட்டது. அம்மா இன்னும் கொஞ்சம் பூண்டு போட்டுப் பால்சுறா குழம்பு வைத்தாள். பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் தெய்வானை அக்கா எட்டிப் பார்த்தார்.

"என்னா நிரஞ்சனி, பால்மா விக்கிறவன் பொழப்புல மண்ணப் போட்டுட்டியா? இவ்வளவு பாலு!"

அண்ணி சிரிக்க முயன்றார். அம்மா என்னைப் பார்த்து, "பூவத் தொடுற மாதிரி தொட்டா கரையுமா? அழுத்து!" என்றாள்.

அழுத்தினேன். அண்ணி தலையணை உறையைக் கடித்துக்கொண்டார். போதும் என்று அவர் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. அவரே சொல்லாதபோது நான் எப்படிச் சொல்வது என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைப்பது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மத்தியானம் மிட்வைஃப் மிஸ் வந்தார். அவரும் பால்கட்டு என்றுதான் நினைத்தார். "அந்தப் பக்கமே புள்ளைக்குக் குடுங்க. அப்பதான் எறங்கும். நாளைக்கும் காய்ச்சல்னா ஆஸ்பத்திரிக்கு வாங்க," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அம்மா குழந்தையைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தாள். குழந்தை வாயைத் திறந்தது.

மிளகுக்கொடி மரங்களுக்கு நடுவே ஓடி, பாதை திரும்பும் இடத்தில் மிஸ்ஸைப் பிடித்தேன். ஊசி விஷயத்தைச் சிங்களத்தில் சொன்னேன். தமிழில் என்றால் அந்த வார்த்தைகள் என் வாயில் வந்திருக்காது. மிஸ் எதையோ மறந்துவிட்டவர்போலத் திரும்பி வந்து, அம்மாவை வெந்நீர் போடச் சொல்லிவிட்டு, அண்ணியோடு கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்ததும் த்ரீவீல் கூப்பிடச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் அன்றே அறுத்துத் திறந்தார்கள். சீழும் பாலும் ஜெல்லும் ஒன்றாகக் கலந்திருந்ததாம். அமுக்கியதில் ஜெல் சதைக்குள் ஆழமாகப் பரவிவிட்டது, எல்லாவற்றையும் எடுக்க முடியாது, இன்னும் அறுக்க வேண்டிவரும், இனிப் பிள்ளைக்குப் பால் கொடுக்கவே கூடாது என்று டொக்டர் அண்ணனிடம் சொன்னார். சசிக்குமார் அண்ணன் தலையைக் குனிந்தபடி கேட்டுவிட்டு, பால்மா வாங்க வெளியே போனான்.

வார்டில் அம்மா அண்ணியின் கட்டிலருகே உட்கார்ந்து அழுதாள்.

"நான்தானே தாயி அமுக்கச் சொன்னேன். என் வாயி அவிஞ்சு போக. ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஒருத்தருக்கும் தெரியாம உள்ளுக்குள்ளயே வச்சிருந்தியே."

அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரோ என்னவோ.

"ஆமா அத்த. ஒருத்தருக்கும் சொல்லல," என்றார்.

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இந்தப் புள்ளையும் பாவம். ஒண்ணுந் தெரியாம, நான் சொன்னேன்னு அமுக்குச்சு."

கையை இழுத்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இழுக்கவில்லை. அம்மா என் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டாள். நான் நீட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.