வாட்டில் தெருவில் பச்சைத் தண்ணீர்

1

போன மாதம் எங்கள் மெல்பர்ன் வீட்டுக் கழிவுக்குழாய் அடைத்துக்கொண்டது. சரிசெய்ய வந்த பிளம்பர் சொன்னார்: "எழுபதுகளில் இந்தப் பக்கம் பாதித் தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடையே கிடையாது. எல்லாம் வீட்டுத் தொட்டிக்குள். தொட்டி வழிந்தால் தெருவுக்கு." இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. இதைவிடக் கௌரவமான பிறப்பிடம் சொல்ல ஆசைதான். கிடைக்கவில்லை.

2

'1975 கோடையில் வாட்டில் தெரு நாறிக்கொண்டிருந்த'

வேண்டாம். நாற்றத்தில் தொடங்கினால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள். தேவராஜாவிடமிருந்து தொடங்குகிறேன்.

யாழ்ப்பாணத்துக்காரர். நகரத்து ஓரத்தில் ஒரு நகரசபையில் சுகாதாரப் பரிசோதகர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வாட்டில் தெருவில் ஒரு சிறுமி மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அவளுடைய தாய் மிஸிஸ் டாய்ல் பக்கத்து வீட்டின்மேல் புகார் கொடுத்திருந்தாள்: 'அந்த மலேசியாக்காரர்கள் எதற்கெடுத்தாலும் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அவர்கள் தொட்டிதான் வழிகிறது.'

படித்ததும் தேவராஜாவுக்கு உடம்பு கூசியது. அவரும் கக்கூசில் காகிதத்தால் துடைக்காமல் தண்ணீர் ஊற்றுகிறவர்தான்.

3

புகாரில் இருந்த வீட்டுக் கதவைத் திறந்தவள் செல்வராணி, மலேசியத் தமிழ்ப் பெண். ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரவு ஷிஃப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள்.

"அட, தமிழா? வாங்கண்ணே."

"ஓம் தங்கச்சி. ஆனா வேலையா வந்தனான். உங்கட கக்கூசுக்குள்ள பச்சைச் சாயம் ஊத்தவேணும். அது தெருவுக்கு வந்தா, தொட்டி பழுது எண்டு அர்த்தம்."

"வந்துச்சுன்னா வீட்டுச் சொந்தக்காரன் ரிப்பேர் பண்ண மாட்டான். எங்களத்தான் காலி பண்ணச் சொல்வான்."

அவர் ஊற்றினார். வாசலில் இருவரும் காத்து நின்றார்கள். தொட்டியிலிருந்து வாசலுக்கு வரும் குழாய் வழியாகத் தெருவோரச் சாக்கடையில் பச்சை இறங்கியது.

(இந்த இடத்தில் முதலில் அவளை அழவைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.)

"அந்தப் பிள்ளைக்கு இப்ப எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

4

அவரை அனுப்பியது அந்த ஒரு வீட்டுக்கு. தேவராஜா தெரு முழுக்கப் போனார். ஏன் போனார் என்று நானும் யோசித்தேன். கோபம் என்று எழுதினால் மிகையாக இருக்கிறது. போனார், அவ்வளவுதான். ஒவ்வொரு வீட்டு வாசல் குழாயிலும் பச்சை வந்தது. மிஸிஸ் டாய்ல் தன் வீட்டுக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அப்படியானால் என் பிள்ளைக்கு நோய் வந்தது எங்களுடையதிலிருந்தா?"

"யாருடையது என்று சொல்ல முடியாது அம்மா" என்றார் ஆங்கிலத்தில். அது உண்மை.

5

மேலதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டார். "தொட்டியைச் சரிசெய்யச் சொல்லித் தெரு முழுக்க நோட்டீஸ் கொடுத்தால், பாதாளச் சாக்கடை எப்போது வரும் என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லை. புகார் ஒரு வீட்டின்மேல். அந்த வீட்டுக்கு மட்டும் கொடு."

"எல்லாத் தொட்டியும் வழிகிறது, சார்."

"உனக்கு வேலை நிரந்தரமாக வேண்டாமா?"

குரலில் மிரட்டல் இல்லை. அவரும் களைத்திருந்தார்.

6

நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவில் தேவராஜா நோட்டீஸைக் கிழித்தார். வேலை போனது. வேறொருவர் வந்து அதே நோட்டீஸைக் கொடுத்தார்.

இன்னொன்றில் அவரே கொடுத்தார். செல்வராணி வீடு மாறினாள். புதிதாகக் குடிவந்தவர்களின் தண்ணீரும் அதே சாக்கடையில் ஓடியது.

மிஸிஸ் டாய்ல் புகாரைத் திரும்ப வாங்குவதாகவும் எழுதிப் பார்த்தேன். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அவளிடம் போய் அந்தப் பெருந்தன்மையைக் கேட்க எனக்கு

7

இப்போது தேவராஜா மணியை அடித்துவிட்டார். நோட்டீஸ் கையில். செல்வராணி கதவைத் திறந்து, "வாங்கண்ணே, சாப்பிட்டீங்களா?" என்கிறாள்.

அவர் என்ன சொல்ல வேண்டும்? எனக்குத் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம், இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தவள் இன்னும் தூங்கவில்லை.