எந்த மூலையிலிருந்து எண்ணுவது?

என்னோடு சோதனை வேலை பார்க்கும் கிரெய்வின் அன்று சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"யோர்லெனி, ஓடி வா! உன் ரோபோ மேடையேறி டிரம்ஸ்காரன் மடியில உக்காந்துடுச்சு!"

சான் ஹோசேயில் நாங்கள் அரங்குகளுக்கு டிக்கெட் விற்கும் இணையதளம் செய்கிறோம். தளத்தில் எதை மாற்றினாலும் ஒவ்வொரு இருக்கையாக அமுக்கிப் பார்த்தே என் விரல் தேய்ந்தது. அதனால் ஆறு மாதம் உழைத்து, தானாக அமுக்கிச் சோதிக்கும் நிரல் ஒன்றை எழுதினேன். அதுதான் ரோபோ. அரங்கின் வரைபடம் மொத்தமும் ஒரே படம் என்பதால் தனித்தனி இருக்கை அதற்குத் தெரியாது. இத்தனை புள்ளி வலது, இத்தனை புள்ளி கீழே என்று நாம்தான் சொல்லவேண்டும். நான் திரையின் மூலையிலிருந்து அளந்து வைத்திருந்தேன். அன்று காலை பக்கத்தின் உச்சியில் ஒரு விளம்பரப் பட்டை வந்து வரைபடத்தைக் கீழே தள்ளிவிட்டது. ரோபோ பழைய இடத்தையே அமுக்கியது; அங்கே இப்போது மேடை இருந்தது.

முதலாளி தோன்யா மரியெலோஸ் எட்டிப் பார்த்தார்.

"ரெண்டு மணிக்கு அரங்கத்துக்காரர் வர்றார். அதுக்குள்ள சி வரிசை ஏழுல அது ஒழுங்கா உக்காரணும். இல்லேன்னா மூட்ட கட்டிடும்மா. பழையபடி கையாலயே பாத்துக்கலாம்."

ஆறு மாதம்! அழுகை முட்டியது. கிரெய்வின் முன்னால் அழுவேனா?

திரையை விட்டுவிட்டு வரைபடத்தையே பிடித்துக்கொண்டேன். அதன் அகலத்தில் பத்தில் ஆறு பங்கு வலது, உயரத்தில் பத்தில் நான்கு பங்கு கீழே. வரைபடம் எங்கே நகர்ந்தாலும் சி-7 அதோடு நகரும். ஓடவிட்டேன். ரோபோ வரைபடத்தையே தாண்டி, ஓரத்தில் இருந்த 'ரத்து' பொத்தானை அமுக்கியது. மூன்று முறையும் அதே கதை.

"பரவால்ல, மடியிலேர்ந்து எறங்கி வீட்டுக்கே கெளம்பிடுச்சு," என்றான் கிரெய்வின்.

அந்த நேரம் பார்த்து, சாப்பாடு கொண்டுவருபவனிடமிருந்து போன். எங்கள் ஊரில் யார் கதவிலக்கத்தைக் கேட்கிறார்கள்? அந்தோனியார் கோயிலிலிருந்து நூறு மீட்டர் கிழக்கே, ஐம்பது தெற்கே. அதுதான் எங்கள் விலாசம்.

"அக்கா, நூறு கெழக்க, அம்பது தெக்க வந்துட்டேன். இங்க ஒரு சலூன்தான் இருக்கு. உங்க கேட்டக் காணோமே!"

"கோயில்ல எங்கேர்ந்து எண்ணுன?"

"நடு வாசல்லேர்ந்துதான்."

"ஐயோ சாமி! மேற்கு மூலையிலேர்ந்து எண்ணணும்ப்பா. நடுவுலேர்ந்து எண்ணுனா தாண்டித்தான் போவ!"

ரோபோவும் அப்படித்தானே தாண்டிப் போகிறது! ரோபோவை எழுதப் பயன்படுத்திய கருவியின் கையேட்டைப் புரட்டினேன். புதிய பதிப்பில் அது மூலையிலிருந்து எண்ணுவதில்லையாம், நட்டநடுவிலிருந்து எண்ணுகிறதாம்! அகலத்தில் பாதியையும் உயரத்தில் பாதியையும் கழித்துவிட்டு ஓடவிட்டேன். சி-7 பச்சையாக எரிந்தது. நான் போட்ட கூச்சலில் கிரெய்வின் காபியைச் சிந்திவிட்டான்.

இரண்டு மணிக்கு அரங்கத்துக்காரர் தோன் உலீசெஸ் வந்து பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இது பெரிய திரை. எங்க ஆளுங்க போன்லதானே வாங்குறாங்க?" என்று அவரே திரையில் தளம் திறந்திருந்த சன்னலைப் பிடித்து ஒடுக்கினார். வரைபடம் பாதியாகச் சுருங்கியது. கிரெய்வின் கைகட்டிக் காத்திருந்தான். பங்குக் கணக்காயிற்றே, சுருங்கினால் என்ன? சி-7 பச்சை. விளம்பரத்தை எடுக்கச் சொன்னார். பச்சை. திரும்பப் போடச் சொன்னார். பச்சை!

"கிரெய்வின், கையால பாக்குற உன் பட்டியல யோர்லெனிகிட்ட குடுத்துடு. இனிமே ரோபோ பாத்துக்கும்," என்றார் தோன்யா மரியெலோஸ்.

சோறும் பீன்ஸும் வறுத்த வாழைப்பழமும் ஆறிப்போயிருந்தன. தட்டைத் தூக்கிக்கொண்டு போய், கிரெய்வினுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் தின்றேன்.